நான்கு ஈயச் சொற்களும் ஒரு முழம் சணலும்

ஒரு நாட்டின் மாமன்னரை, அவருடைய பன்னிரண்டு குதிரைகளோடும் பட்டுக் குடையோடும் சேர்த்து, நான்கே நான்கு ஈயச் சொற்களாலும் ஒரு முழம் சணல் கயிற்றாலும் கட்டி இழுத்துக்கொண்டு போய் நீதிமன்றக் கூண்டில் நிறுத்தியவன் நான். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியும்விட்டேன். ரசம்கூட ஆறவில்லை.

இதைக் கேட்ட எல்லோரும், மரியாதைக்காகவாவது, நம்பிவிட்டார்கள். நம்பாதவர் ஒரே ஒருவர்தான். பெயர் ஐயம்பெருமாள். முப்பத்தொரு வருஷம் என்னோடு ஒரே அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்த்தவர். நான் கோக்கும் எழுத்தில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை. நான் யாரிடம் கதையை ஆரம்பித்தாலும் குறுக்கே வந்து, "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்க. ரத்தினசாமி அச்சுக்கூடத்துல தூங்கி வழிஞ்சப்போ கண்ட கனவு அது" என்பார். கனவில் யாருக்காவது ரசம் ஆறாமல் இருக்குமா?

நடந்தது இதுதான்.

சக்கரகிரி என்று ஒரு நாடு. ஏழாம் விரைவேந்தன் ஆண்டுகொண்டிருந்தார். அந்த நாட்டில் மக்கள் இரண்டே வகை. ரதத்தில் போகிறவர்கள் ஒரு வகை. சைக்கிளில் போய், ரதம் வந்தால் சாக்கடையில் இறங்கி நிற்கிறவர்கள் மற்றொரு வகை. ரதங்கள் போகும் வேகத்தைச் சொன்னால் ஐயம்பெருமாளுக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன். அரண்மனையிலிருந்து ரதம் கிளம்பும் சத்தம் கோட்டை வாசலுக்கு வந்து சேர்வதற்குள், ரதம் போய்விட்டுத் திரும்பியே வந்திருக்கும்.

நாட்டில் ஒரே பத்திரிகை. அதன் பெயர் 'அரண்மனைத் தண்டோரா'. அதில் அச்சானது உண்மை. அச்சாகாதது நடக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்குவதில்லை. நீதிபதி அன்றைய தண்டோராவை விரித்துப் படிப்பார், தீர்ப்புச் சொல்வார். இதற்கென்று மன்னரின் தாத்தா ஒரு சட்டமே போட்டிருந்தார்: 'தண்டோராவில் வந்ததை மறுத்துப் பேச எவருக்கும், மன்னருக்கும்கூட, உரிமை இல்லை.' அந்த 'மன்னருக்கும்கூட' என்பதைக் கிழவர் ஓர் அழகுக்காகத்தான் சேர்த்தார்.

விபத்துச் செய்தி எழுதுவதற்கு எங்கள் ஆசிரியர் தெய்வநாயகம் சில விதிகள் வைத்திருந்தார். முதல் விதி, ரதம் யார்மீதும் மோதாது. மிதிவண்டிதான் ரதத்தின்மீது மோதும். பஞ்சர் ஒட்டுவதற்காகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த சைக்கிள்கூட, முன்சக்கரம் கழற்றப்பட்ட நிலையில், பாய்ந்து சென்று ரதத்தின்மீது மோதியதாக நானே அச்சுக் கோத்திருக்கிறேன். இரண்டாம் விதி, ரதத்தை ஓட்டியவருக்குப் பெயர் கிடையாது. மூன்றாவதுதான் முக்கியம். செய்தியின் கடைசியில் இந்த வரி வர வேண்டும்: 'விபத்தின்போது அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை.'

முதல்முறை அந்த வரியைக் கோத்தபோது சக்கரகிரியில் தலைக்கவசம் என்ற பொருளே கிடையாது. "இல்லாததை எப்படிங்க அணிவாங்க?" என்று கேட்டேன்.

"அணியலைங்கறது உண்மைதானே?" என்றார் தெய்வநாயகம்.

உண்மைதான்.

அச்சு முடிந்ததும் ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போடுவது எங்கள் வழக்கம். இந்த வரி தினமும் ஆறேழு முறை தேவைப்பட்டதால் நான் பிரிக்கவில்லை. நான்கு சொற்களையும் சேர்த்து ஒரு முழம் சணலால் இறுக்கிக் கட்டி ஜன்னல் மேட்டில் வைத்துவிட்டேன். வேண்டும்போது எடுத்துச் சொருகலாம். ஆசிரியரும் சந்தோஷப்பட்டு ஒரு நிரந்தர உத்தரவு போட்டார்: "ஒரே செய்தியில் 'ரதம்', 'விழுந்து' என்ற இரண்டும் வந்தால் அந்தக் கட்டைப் போட்டுவிடு. என்னைக் கேட்காதே. நீயும் யோசிக்காதே."

நான் யோசிக்கவில்லை. ரதத்தைப் பார்த்து மிரண்டு கிணற்றில் விழுந்த எருமைக்குப் போட்டேன். அதற்கும் 'அவர்' என்று மரியாதை கிடைத்தது. மந்திரியின் ரதம் ஏறியதில் கல்லாற்றுப் பாலம் விழுந்தது. அதற்கும் போட்டேன். மறுநாள் அந்தச் செய்தியைப் படித்த வீதி மந்திரி பூவராகனார் சபையில் எழுந்து நின்று கண் கலங்கினார்.

"சபையோரே, கடந்த ஓராண்டின் தண்டோராக்களை நாம் ஆராய்ந்தோம். விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு நூறு பேர் தலைக்கவசம் அணியவில்லை. ஒரு பாலம் உட்பட. காரணம் வெள்ளிடை மலையாகத் தெரிந்த பிறகும் நாம் சும்மா இருக்கலாமா?"

சபை கைதட்டியது. அரண்மனை வைத்தியர் மட்டும் எழுந்தார். "தலைக்குக் கவசம் நல்லதுதான் மந்திரியாரே. மண்டை தப்பும். கூடவே ரதங்களைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னால் காலும் தப்புமே?"

"வைத்தியர் தலைக்கவசத்தை எதிர்க்கிறாரா?" என்று பூவராகனார் கேட்டார்.

"நல்லது என்றுதானே சொன்னேன்?"

"பிறகு 'கூடவே' என்றீர்களே. இது ஒன்று போதாது என்கிறீர்கள். போதாது என்றால் எதிர்ப்பு."

அன்று சாயங்காலமே வைத்தியர் கவசங்களுக்கு வார் தைக்கும் கூடத்துக்கு மேற்பார்வையாளராக மாற்றப்பட்டார்.

முதலில் தேங்காய் நாரில் செய்த கவசம் வந்தது. லேசாக, காற்றோட்டமாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரதமோட்டிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். கவசம் போட்டிருக்கிறான், தாங்குவான் என்று முன்பைவிட வேகமாக விட்டார்கள். விழுந்தவர் தொகை இரட்டித்தது. நார் போதவில்லை என்று முடிவு செய்த பூவராகனார், இரும்புக் கவசத்துக்கு ஆணையிட்டார். பார்த்தால் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். ஜனங்களும் அதைச் சட்டி என்றுதான் சொன்னார்கள். எடை ஒன்பது சேர். புருவத்துக்குக் கீழே இறங்கி மூக்கு நுனியில் உட்காரும். கண்ணுக்குத் துளை வைக்கலாமா என்று ஒரு குழு எட்டு மாதம் ஆராய்ந்து, துளை வைத்தால் கவசம் பலவீனப்படும் என்று அறிக்கை கொடுத்தது. ஆகவே சைக்கிளில் போகிறவர்கள் தலையை அண்ணாந்து, சட்டியின் விளிம்புக்கும் தங்கள் மூக்குக்கும் நடுவே தெரிகிற அரை விரல் உலகத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்கள். காது சுத்தமாகக் கேட்காது. ரதம் வருவது, வந்து போன பிறகுதான் தெரியும்.

இதற்குள் தேர்தல் வந்தது. சக்கரகிரியில் மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். சட்டியின் வாரை இடது பக்கம் கட்ட வேண்டும் என்றது ஒரு கட்சி. வலது பக்கம் என்றது மற்றது. இரண்டு கட்சித் தலைவர்களும் ரதத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார்கள். பிரசார ரதங்கள் மட்டும் நூற்றுப்பத்துப் பேரைத் தள்ளின. தள்ளப்பட்டவர்களும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே, வார் இடதா வலதா என்று எதிர்க்கட்டில்காரனோடு சண்டை போட்டார்கள். வலது வென்றது. இடது பக்கம் வார் இருந்த சட்டிகள் எல்லாம் செல்லாது என்று அறிவித்தார்கள். கூடவே ஒரு புதுச் சட்டமும் வந்தது. தலைக்கவசம் அணியவில்லை என்று தண்டோராவில் வந்தால் வண்டி பறிமுதல், பௌர்ணமியன்று உலையில் போட்டு உருக்கிச் சட்டி செய்யப்படும். வாகனம் எதுவானாலும் சரி.

மரகதம் கதைக்குள் வருவது இங்கேதான். இடியாப்பம் விற்கிறவள். விடிகாலையில் பின்பக்கம் பெரிய தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஆரனை அமுக்கி அமுக்கி நாற்பது தெரு சுற்றுவாள். எங்கள் வீட்டில் தினம் பன்னிரண்டு. அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் அவளுக்கு நாற்பது தெருவும் இல்லை, அடுப்பும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபடி ஒருவருக்கு இடியாப்பம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையில் சட்டி, வார் வலது பக்கம், எல்லாம் சட்டப்படி. பூவராகனாரின் ரதம் பின்னாலிருந்து வந்து அவளைத் தூக்கி எதிர்ச் சுவரில் அடித்தது. சட்டி நசுங்கியது. தலை தப்பியது. வைத்தியர் சொன்ன மாதிரியே கால் தப்பவில்லை.

செய்தி வந்தது. 'இடியாப்ப மிதிவண்டி ஒன்று ரதத்தின்மீது மோதியது. அதில் வந்த பெண் கீழே விழுந்து காயமடைந்தார்.' இரண்டு சொல்லும் இருந்தன. ஜன்னல் மேட்டிலிருந்து கட்டை எடுத்துச் சொருகினேன். ஐயம்பெருமாள் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சைக்கிள் பறிமுதல். பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மூன்றாம் நாள் மரகதம் நசுங்கிய சட்டியோடு நொண்டிக்கொண்டே தண்டோரா அலுவலகத்துக்கு வந்தாள். சட்டியை ஆசிரியர் மேஜைமேல் ணங்கென்று வைத்தாள்.

"ஐயா, இது என்னன்னு பாருங்க."

"தலைக்கவசம்" என்றார் தெய்வநாயகம்.

"யாரோடது?"

"உன்னுது மாதிரி இருக்கு."

"எப்படி நசுங்குச்சு?"

தெய்வநாயகம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கையாளத் தெரியாமல் கையாண்டிருக்கிறாய்."

"என் தலைமேல இருக்கறப்ப நசுங்குச்சுங்க. போடலைன்னு போட்டுட்டீங்களே. ஒரே ஒரு வரி, போட்டிருந்தான்னு திருத்திப் போடுங்க. சைக்கிள உருக்கிடுவாங்க."

"அம்மா, தண்டோரா பிறந்து அறுபது வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு திருத்தம் போட்டதில்லை. இன்று உனக்குப் போட்டால் நாளைக்கு அந்தப் பாலம் வந்து நிற்கும்."

"பாத்த சாட்சி இருக்குதுங்க. இடியாப்பம் வாங்கினவரு கண்ணால பாத்தாரு."

"யார் அவர்?"

மரகதம் அச்சுக்கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஐயம்பெருமாள் மூக்கு காகிதத்தில் படும்படி குனிந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லமாட்டேன். அவரா வந்து சொல்லட்டும். அவருக்கும் குடும்பம் இருக்கும்" என்று சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதிலிருந்து தினமும் காலையில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி எங்கள் தெரு வரைக்கும் வருவாள். நாற்பது தெருவில் ஏழு தெருதான் முடிந்தது. ஆரனைக் கையிலேயே வைத்து அமுக்குவாள். சைக்கிள் இல்லாத ஆரன் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு இடியாப்பம் இறங்கவில்லை. பன்னிரண்டில் பத்துதான் இறங்கியது.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, முச்சந்தியில் தலைக்கவச நினைவுச்சின்னத் திறப்பு விழா. உருக்கிய சைக்கிள்களிலிருந்து செய்த முப்பதடி உயரச் சட்டி. எழுபதடி என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன், ஐயம்பெருமாள் பக்கத்தில் இருப்பதால் முப்பது. மாமன்னர் புதிய பன்னிரண்டு குதிரை ரதத்தில் வந்தார். வந்தவர் நிற்கவில்லை. நிறுத்துவதற்கு அந்த ரதத்தில் ஏற்பாடே கிடையாது, அதுவரை அதற்குத் தேவை வந்ததில்லை. ரதம் முப்பதடிச் சட்டியில் போய் மோத, சட்டி ஆலய மணிபோல் ஒலிக்க, மாமன்னர் ரதத்திலிருந்து எழும்பி, கூடியிருந்த மக்களின் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குள் போய் விழுந்தார். ஜனங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டிக்குள் எல்லோருக்கும் முகம் மறைந்திருந்ததால் அது நிச்சயமாகத் தெரியாது. பல சட்டிகள் குலுங்கின.

அன்று தெய்வநாயகம் ஆறு மணி நேரம் உட்கார்ந்து செய்தி எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்தார். 'தலைக்கவச நினைவுச்சின்னம் அரச ரதம் வரும் வழியில் பாய்ந்து அதன்மீது மோதியது. மக்களை நெருங்கிக் காணும் ஆவலால் மாமன்னர் முன்னோக்கி எழுந்தருளி, அரசத் தொட்டியில் விழுந்தருளினார்.' எழுதி முடித்த களைப்பில் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கோத்தேன். 'ரதம்' வந்தது. 'விழுந்து' வந்தது, 'அருளினார்' என்ற நகையோடு. கை தானாக ஜன்னல் மேட்டுக்குப் போனது. யோசிக்காதே என்று உத்தரவு. கட்டை எடுத்துச் சொருகினேன். மெய்ப்பு ஐயம்பெருமாளுக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பொழுது விடிந்ததும் நாடு முழுக்க ஒரு லட்சம் பிரதி போய்விட்டது: 'விபத்தின்போது அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை.'

காலை எட்டு மணிக்கு நீதிமன்றச் சேவகர்கள், பாவம், பழக்க தோஷத்தில் அரண்மனைக்குப் போய் அரச ரதத்துக்குச் சங்கிலி போட்டார்கள். எட்டரைக்கு அமைச்சரவை கூடியது.

"திருத்தம் போடும்" என்றார் பூவராகனார்.

"போடலாம்" என்றார் தெய்வநாயகம். "தண்டோராவில் ஒரு வரி பொய் என்று ஆகிவிடும். அப்புறம், இன்னும் எந்தெந்த வரி பொய் என்று ஜனங்கள் தேட ஆரம்பிப்பார்கள். மந்திரியார் மறுபடி வந்த தேர்தல் முடிவு உட்பட."

பூவராகனார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "மாமன்னர் ஒரு நடை நீதிமன்றம் போய்வருவதுதான் முறை" என்றார்.

பத்து மணிக்குக் கூண்டில் மன்னர் நின்றார். உட்காரச் சொன்னார்கள், தொட்டி விளிம்பு பட்ட இடம் உட்கார விடவில்லை. நீதிபதி தண்டோராவை விரித்தார்.

"நாம் கிரீடம் அணிந்திருந்தோம்" என்றார் மன்னர்.

"தண்டோரா அணியவில்லை என்கிறது, மாமன்னரே. தங்கள் பாட்டனார் சட்டப்படி தாங்கள்கூட மறுக்க முடியாது. ரதம் பௌர்ணமியன்று உலைக்குப் போகும்."

மன்னருக்கு ரதம் என்றால் உயிர். குழந்தை மாதிரி முகம் கோணியது. "நாம் என்ன செய்தோம்? நாம் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். ரதம்தான் நிற்காமல் போய் மோதியது. ஓட்டியவன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினான்."

நீதிமன்ற எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தார். "மாமன்னர் மன்னிக்க வேண்டும். 'ரதம் மோதியது' என்று எழுதலாமா? இந்த நாட்டில் இதுவரை எழுதியதில்லை."

"எழுது."

"'ஓட்டியவன்' என்றுமா?"

"அதையும் எழுது."

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆரன் சத்தம். மரகதம் எழுந்து நின்றாள். தலையில் அந்த நசுங்கிய சட்டி. "நானும் சும்மாதானுங்க நின்னுக்கிட்டிருந்தேன், மகாராசா. ஒரு கால் தரையில ஊனி இருந்தேன். என்னையும் ரதந்தான் மோதுச்சு."

நீதிபதி எழுத்தர் எழுதியதைப் பார்த்தார். மன்னரைப் பார்த்தார். "தாங்கள் எழுதச் சொன்னது இப்போது சட்டமாகிவிட்டது, மாமன்னரே. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ரதம் மோதியதில் விழுந்தவர் குற்றவாளி இல்லை என்றால் இவள் மிதிவண்டியையும் விட வேண்டும். கொட்டடியில் இருக்கும் மற்ற ஆயிரத்து நானூறையும்தான்."

மன்னருக்கு நிற்கவும் முடியவில்லை. "விடு, எல்லாத்தையும் விடு. ரதத்தை முதலில் விடு" என்றார்.

நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். ரசத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

இத்தோடு நாடு திருந்தியிருக்கும் என்று நினைப்பவர்கள் எந்த நாட்டிலும் வாழ்ந்ததில்லை என்று அர்த்தம். பூவராகனார் மறுவாரமே சபையில் எழுந்தார். "சபையோரே, விபத்துக்குக் காரணம் ரதம் என்று இப்போது நிரூபணமாகிவிட்டது. ஆகவே இனி விபத்துச் செய்தி வராது." தண்டோராவில் வராதது நடக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த பௌர்ணமிக்குள் சக்கரகிரி விபத்தே இல்லாத நாடு ஆனது. ரதங்கள் முன்போலவே பறக்கின்றன. மருத்துவமனையில் கால்களைத் தொங்கவிட்டுப் படுத்திருப்பவர்கள் எல்லாம் ஓய்வெடுக்க வந்தவர்கள். சட்டிச் சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். நார்க் கவசத்தை மட்டும் வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிறார்கள், வைத்தியர் வார் தைத்துக் கொடுக்கிறார். என் கட்டுக்கு வேலை போனது. ஓய்வு பெறும்போது அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தேன். காற்றடித்தால் கதவுக்கு முட்டு.

போன வாரம் எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு இந்தக் கதையை, எழுபதடிச் சட்டி உட்பட, சொல்லிக்கொண்டிருந்தேன். ஐயம்பெருமாள் வழக்கம்போல, "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்க" என்று ஆரம்பித்தார். வாசலில் ஆரன் சத்தம். மரகதம் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி நின்றாள். அந்த நசுங்கிய சட்டியைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி ஹேண்டில்பாரில் மாட்டி, அதில்தான் தேங்காய்ப்பால் வைத்திருக்கிறாள்.

"என்னங்கய்யா," என்று ஐயம்பெருமாளைக் கேட்டாள், பன்னிரண்டை எண்ணிக்கொண்டே. "இன்னும் நடக்கலையா?"

அவர் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நசுங்கல் காலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெய்ப்பில் பெரிய பிழையைக் கண்டால்தான் அப்படிச் செய்வார்.

"நடந்தது" என்றார்.

மாடிக்காரர், "எதுங்க?" என்று கேட்டார்.

"எல்லாம். அன்னைக்குக் காலையில இந்தம்மாகிட்ட இடியாப்பம் வாங்கினவன் நான்தான். இலையைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். அவ தலையில சட்டி இருந்தது. சாயங்காலம் மெய்ப்புல 'அணிந்திருக்கவில்லை'ன்னு வந்தது. படிச்சேன். எழுத்துப்பிழை இல்லைன்னு கையெழுத்துப் போட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பத்து நாள் கழிச்சு ராஜா செய்தி வந்தது. ரத்தினசாமி யோசிக்காம கட்டைச் சொருகியிருந்தான். அவன் என்னைக்கு யோசிச்சான்? நான் படிச்சேன், ரத்தினம். ரெண்டு தடவை படிச்சேன்."

"படிச்சுட்டு?" என்றேன்.

"எழுத்துப்பிழை இல்ல" என்றார்.

மரகதம் அவர் பொட்டலத்தில் இரண்டு இடியாப்பம் கூடப் போட்டாள்.